மாவுப்பெட்டிக்குக் கடிகாரம்

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் மீராவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அழகி என்று சொல்ல முடியாது. ரசம் வைத்தால் புளி தூக்கும். வீட்டைப் பெருக்கினால் மூலையில் குப்பை அப்படியே கிடக்கும். ஆனால் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டால் போதும், கண்ணில் பல்பு எரியும். இந்த ஜாதவ்பூரில் அப்படி இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை.

பிறந்ததே கல்கத்தாதான். அவள் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். சின்ன வயதில் வீட்டு டெலிபோனைக் கழற்றிப் போட்டு அப்பாவிடம் முதுகில் வாங்கியவள். இன்ஜினீயரிங் படிக்கிறேன் என்றாளாம். பெண்ணுக்கு பி.காம் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இப்போது அலிப்பூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். அந்த வேலையைப் பற்றிப் பேசினாலே முகம் வேப்பங்காய் தின்ற மாதிரி போய்விடும். சனிக்கிழமை லீவு கிடைத்தால் மற்றப் பெண்கள் புடவைக் கடைக்குப் போவார்கள். இவள் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய்ப் பொட்டலம் பொட்டலமாய் ஒயரும் சில்லும் வாங்கி வருவாள். பால் பொங்கினால் மணி அடிக்கிற டப்பா செய்தாள். செடிக்குத் தானே தண்ணீர் விடுகிற டப்பா செய்தாள். அது மழை பெய்யும்போதும் தண்ணீர் விட்டது. அதை விடுங்கள்.

நான் அவளுக்குக் கீழே, இரண்டாம் மாடி. என் புருஷன் லிலுவா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்தவர். நான் இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். கட்டடம் முழுக்க என்னை மாஷிமா என்றுதான் கூப்பிடும். மீராவும் அப்படித்தான். தமிழச்சி தமிழச்சியைப் பெங்காலியில் சித்தி என்று கூப்பிடுகிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

மீரா மாவு அரைக்க ஆரம்பித்தது விளையாட்டாகத்தான். யாரோ ஒரு பெங்காலிக்காரி தோசைக்கு மாவு கேட்டாள், இவள் கொடுத்தாள். பிறகு பத்து வீடு, இருபது வீடு என்று ஆயிற்று. விடிவதற்கு முன் எழுந்து அரைப்பாள். முந்தின நாள் சாயங்காலம் கட்டிய பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் கிளம்பி, வீடு வீடாய்ப் போட்டுவிட்டு அப்படியே ஆபீஸ். காலையில் அரைத்த மாவு பகல் முழுக்கப் பொங்கும். சாயங்காலம் வந்து அதைக் கட்டுவாள்.

வெயில் காலத்தில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. மார்கழி, தை வந்தால்தான் இந்த ஊர் குளிர் மாவுக்கு எமன். அரைத்து வைத்தால் அரைத்தபடியே கல்லு மாதிரி கிடக்கும்.

அதற்குத்தான் மீரா பெட்டி செய்தாள். மீன்காரன் ஐஸ் போட்டு வைக்கிற மாதிரி பெரிய தெர்மகோல் பெட்டி. உள்ளே மாவுத் தூக்குகள், ஒரு பெரிய குண்டு பல்பு, சூடு பார்க்கிற ஒரு குச்சி. வெளியே விரல் நீளத்துக்கு ஒரு போர்டு, உள்ளே எவ்வளவு சூடு என்று எண்ணில் காட்டும். சூடு குறைந்தால் அது 'டிக்' என்று பல்பைப் போடும், போதும் என்றால் 'டிக்' என்று அணைக்கும். பண்ணையில் பல்பு போட்டுக் கோழிக்குஞ்சை வளர்க்கிற மாதிரி அது மாவை வளர்க்கும்.

அவள் மாமனார் லக்ஷ்மிநாராயணன், பேங்கில் ஆபீசராய் இருந்து ரிட்டயரானவர், பெட்டியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீன் பெட்டியை ஆத்துக்குள்ள கொண்டு வந்துட்டியேம்மா!"

"அப்பா, புதுசு. மீன் மூஞ்சியையே பார்த்ததில்லை இது."

மூன்று தரம் தண்ணீர் தெளித்தபிறகுதான் உள்ளே விட்டார். அவரை நான் ஐயரே என்றுதான் கூப்பிடுவேன். மனைவி போன பிறகு பகலெல்லாம் அந்த வீட்டில் தனியாள். மகன், மீராவின் புருஷன், கிரிதருக்கு ஹவுராவில் ஃபாக்டரி வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான்.

பெட்டி வந்தது, ஆனால் மாவு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு நாள் பஞ்சு மாதிரி பொங்கும். மறுநாள் பேதி மருந்து சாப்பிட்ட மாதிரி துவண்டு கிடக்கும். அரிசி அதே அரிசி, உளுந்து அதே உளுந்து.

அந்த நேரத்தில்தான் ஹரிஷங்கர் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவன். காலேஜ் பையன்கள் கூட்டம் எப்போதும் மொய்க்கும். தினமும் அவன் கடைக்கு வேண்டிய மாவு முழுவதையும் மீராவிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றான். அது நடந்தால் வக்கீல் ஆபீசுக்குக் கும்பிடு போட்டுவிடலாம். மீரா தரையில் கால் படாமல் நடந்தாள். ஒரு வாரம் அனுப்பிப் பார்த்தாள். இரண்டு நாள் இட்லி கல்லு. ஹரிஷங்கர் நேரிலேயே வந்துவிட்டான்.

"மீராம்மா, நான் இட்லி விக்கறேன், கேரம் போர்டு காய் விக்கல. அடுத்த வாரம் சனிக்கிழமை சாயந்திரம் ஒரு தடவை குடுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு. அது சரியா வந்தா தினமும் உங்ககிட்டதான். இல்லைன்னா வேற ஆள் பார்த்துக்கறேன், கோச்சுக்காதீங்க."

அவன் போனதும் மீரா அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. பெட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பகல்ல இது என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியணும் மாஷிமா. நான் இல்லாதப்போ என்னவோ நடக்கறது."

போர்டில் ஒரு சின்ன கார்டைச் சொருகினாள். ஃபோனில் போட்டோ போட்டு வைக்கிற கார்டு மாதிரியேதான். நிமிஷத்துக்கு ஒரு தரம் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று அதில் தானே பதிந்துவிடுமாம். மறுநாள் சாயங்காலம் கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு இறங்கி வந்தாள்.

"மாஷிமா, பகல்ல கீஸர் போடறேளா?"

"குளிச்சா போடுவேன். குளிக்காம நாறச் சொல்றியா?"

"இல்ல... நடுவுல பெட்டிக்குக் கரன்ட் போயிருக்கு. உங்க கீஸர் போடறச்சே எங்க லைன் ட்ரிப் ஆறதோன்னு..."

எனக்கு வந்ததே கோபம்! இவள் மாவு பொங்காததற்கு என் கீஸரா? "எத்தனை மணிக்குப் போச்சு, அதைச் சொல்லு. நான் குளிச்ச நேரம் எனக்குத் தெரியும்" என்றேன்.

அதற்குத் திருதிருவென்று முழித்தாள். "அதான் தெரியலை. இந்த போர்டுக்கு மணி தெரியாது. கரன்ட் வந்த நிமிஷத்துலேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிண்டே போகும். கரன்ட் போனா எல்லாத்தையும் மறந்துடும். மறுபடியும் வந்தா ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். எண்ணிக்கை நடுவுல ஒண்ணுக்குப் போயிருக்கு, அதனால கரன்ட் போச்சுன்னு தெரியறது. எப்போ போச்சு, எவ்வளவு நேரம் போச்சு, ஒண்ணும் தெரியலை."

"குடிகாரன் மாதிரி. எழுந்ததும் என்ன கிழமைன்னு கேக்கும்."

"கரெக்ட்!"

"அப்ப அந்தக் குடிகாரன் பேச்சைக் கேட்டுட்டு என் கீஸர் மேல பழி போட வந்தியா?"

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவள் வாழ்க்கை அந்தச் சனிக்கிழமையில் தொங்குகிறது. நான் வெந்நீரை நிறுத்திவிட்டேன். கல்கத்தாக் குளிரில், இந்த வயதில், பச்சைத் தண்ணீர். பல் கிட்டிக்கும். அப்படியும் மாவு துவண்டது! கீஸர் குற்றவாளி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் குற்றவாளி என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வருமா?

ஞாயிற்றுக்கிழமை மீரா சாந்தினியிலிருந்து ஓடிவந்தாள். கையில் தீப்பெட்டியைவிடச் சின்னதாய் ஒன்று. நடுவில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வெள்ளி நிற பேட்டரி.

"இது கடிகாரம் மாஷிமா! முள்ளு கிடையாது, சத்தம் கிடையாது. கரன்ட் போனாலும் இந்தக் குட்டி பேட்டரியில தன்பாட்டுக்கு ஓடிண்டே இருக்கும். வருஷக்கணக்கா ஓடும். கரன்ட் திரும்ப வந்ததும் போர்டு இதைப் பார்த்து, ஓ இப்போ மணி இதுன்னு தெரிஞ்சுக்கும். இனிமே கார்டுல ஒவ்வொரு வரியிலயும் தேதி, மணி, சூடு மூணும் இருக்கும்!"

குடிகாரனுக்குப் பக்கத்தில் ஒரு பொறுப்பான ஆளை உட்கார வைத்த மாதிரி. எனக்கே பிடித்துப்போயிற்று.

திங்கள் முதல் வெள்ளி வரை அது பாட்டுக்கு எழுதியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீரா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கே வந்துவிட்டாள். மறுநாள் ஹரிஷங்கரின் சனிக்கிழமை.

"எனக்கு எழுத்துத் தெரியாது. நீ படி" என்றேன்.

"தினமும் கரன்ட் போயிருக்கு. ஆனா தினமும் வேற வேற நேரம். பைத்தியம் பிடிக்கறது. திங்கள் காலம்பற ஏழரைக்குப் போய் ஒம்பதுக்கு வந்திருக்கு."

"ம்."

"செவ்வாய் மூணு மணிக்குப் போயிருக்கு."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. "புதன்? மத்தியானம் பன்னெண்டா?"

மீரா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. எப்படி..."

"வியாழன் ஒண்ணரை."

"மாஷிமா!"

"இன்னிக்கு வெள்ளி. பத்தரையிலேர்ந்து பன்னெண்டு. சரியா?"

மீரா தலையை ஆட்டினாள். நான் அருவாமணையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சிரித்தேன். எத்தனையோ நாளாயிற்று இப்படிச் சிரித்து. "அடியே, காலேஜ் படிச்சவளே! நீ பொறந்ததிலேர்ந்து உங்க வீட்டு காலண்டர்ல தொங்குதே, அது கண்ணுல படலையா? ராகு காலம்டி!"

மீரா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆனா புதன்கிழமை பன்னெண்டுக்குப் போனது நாலு மணிக்குத்தான் வந்திருக்கு. ராகு காலம் ஒண்ணரைக்கு முடிஞ்சுடுமே. வியாழனும் அப்படித்தான்."

"மத்தியானம் சாப்பிட்டதும் உங்க வீட்ல யாரு தூங்குவா?"

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா!"

"ஐயர் ஸ்விட்ச்சை அணைச்சிட்டுத் தூங்கிடுறாரு. முழிச்சதும் போடுறாரு. ஞாயித்துக்கிழமை நீ வீட்ல இருக்கே, அணைக்க முடியல. அதான் அன்னிக்கு மாவு பொங்குது. வா மேல, நான் கேக்கறேன்."

"வேண்டாம் மாஷிமா. வயசானவர். மனசு கஷ்டப்படும்."

"நான் என்ன கொழந்தையா? எனக்கு மனசு கஷ்டப்படலையா? பச்சைத் தண்ணியில குளிச்சிருக்கேன்!"

தடுக்கத் தடுக்க மேலே ஏறிவிட்டேன். ஐயர் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயரே, ராகு காலத்துல மாவுப்பெட்டிய அணைக்கிறது நீங்கதானே?"

மனுஷன் மழுப்புவார் என்று நினைத்தேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆமா. அதுல என்ன தப்பு?"

"ராகு காலத்துல புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது, சரி. ஓடிட்டிருக்கிறத யாராவது நிறுத்துவாங்களா? அப்படின்னா ரயிலெல்லாம் ஒண்ணரை மணி நேரம் நின்னுட்டுப் போகணுமே!"

"நீலாவதியம்மா, சித்த கேளுங்கோ. ரயில் ஒரு தடவைதான் கிளம்பறது. இந்தப் பெட்டி அப்படியா? டிக்குன்னு போடறது, டிக்குன்னு அணைக்கறது, மறுபடியும் டிக்குன்னு போடறது. ஒவ்வொரு டிக்கும் ஒரு ஆரம்பம். ராகு காலத்துல பத்து ஆரம்பம்! கொழந்தை இதுல பிழைக்கணும்னு பார்த்துண்டிருக்கா. அவளுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதேன்னுதான் அணைச்சேன். பல்பு நிஜமாவே அணைஞ்சுடுத்தான்னு மூடியையும் திறந்து பார்த்துடுவேன்."

மூடியைத் திறந்தாராம்! இருந்த சூடும் அதோடு போச்சு. நான் வாயைத் திறந்தேன். கொஞ்சம் பெரிதாகவே ஏதோ சொல்லியிருப்பேன். ஆனால் மீரா முந்திக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் கோபமே இல்லை. கண்ணில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா, ஆரம்பிக்கறதுதானே தப்பு? முன்னாடியே ஆரம்பிச்சது எரிஞ்சுண்டே இருந்தா?"

ஐயர் யோசித்தார். "அது... பரவாயில்லை. சுவாமி விளக்கு எரியறது இல்லையா."

"அப்போ சரி! இப்போ பெட்டிக்குக் கிழமையும் தெரியும், மணியும் தெரியும். உள்ள ஒரு சின்ன பல்பும் மாட்டி, ராகு காலம் வரதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அதைப் போட்டுடச் சொல்றேன். ராகு காலம் முடியற வரைக்கும் அது அணையாம எரியும். பெரிய பல்பு வாயே திறக்காது. ஒரு டிக் கூட இருக்காது. போறுமா?"

"ஏழு நாளுக்கும் தெரியுமா அதுக்கு?"

"நீங்க சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன்."

அவர் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் லேப்டாப்பில் தட்டினாள். இரண்டு பேரும் ஏதோ கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி உற்சாகம். முடியும்போது ஐயர் மெல்ல இழுத்தார், "எமகண்டத்துக்கும்..."

"எமகண்டம்னு இன்னொரு தடவை சொன்னீங்க, காலண்டரைக் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன்" என்றேன். அதோடு விட்டார்.

ஆனால் சின்ன பல்பின் சூடு போதுமா என்பது மீராவுக்கே தெரியாது. நேரம் இல்லை. நேராகச் சனிக்கிழமையில்தான் சோதனை. வக்கீல் அன்றைக்குத்தானா லீவு இல்லை என்று சொல்ல வேண்டும்! மாவை வைத்துவிட்டு ஏழு மணிக்கு அவள் கிளம்பிப் போனாள். பெட்டிக்குக் காவல் நானும் ஐயரும்.

சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பது அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது 'டிக்'. சின்ன பல்பு வந்தது. பெரியது போயிற்று. ஐயர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்லோகம் பாராயணம் பண்ணினார். அவர் கை ஸ்விட்ச் பக்கம் போகாமல் இருக்க நான் ஸ்விட்ச்சுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் நன்றாகத் தெரியும். பெட்டி முகத்தில் இருபத்தொன்பது என்று காட்டியது.

மீரா ஆபீஸ் வராந்தாவிலிருந்து ஃபோன் செய்தாள். "எவ்வளவு காட்டறது?"

"இருபத்தெட்டு."

"இருபத்தஞ்சுக்குக் கீழ போகக் கூடாது மாஷிமா. போனா மாவு தூங்கிடும்."

"நீ டைப் அடி. நாங்க இருக்கோம்."

வெளியே பனிமூட்டம். ஜன்னல் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. இருபத்தேழு. கொஞ்ச நேரத்தில் இருபத்தாறு. ஐயர் பாராயணத்தை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"நீலாவதியம்மா, குறையறதே!"

"தெரியுது! ஸ்விட்ச்சை அணைச்சப்ப எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு இப்பவாச்சும் தெரியுதா?"

இருபத்தைந்து. என் பிரசவத்துக்குக்கூட நான் இப்படிப் பதறியதில்லை. கீழே ஓடினேன். என் முழங்காலுக்கு ஓட்டம் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. என் கட்டிலில் இருந்த காந்தாவை, பழைய புடவைகளை அடுக்கித் தைத்த அந்தப் போர்வையை, உருவிக்கொண்டு மேலே வந்தேன்.

"பிடிங்க ஐயரே அந்தப் பக்கம்!"

"இது... நீங்க போர்த்திண்டு படுத்துக்கறது... மாவு மேலேயா..."

"மாவு மேல இல்ல, பெட்டி மேல! மீன் பெட்டியே உள்ள வந்துருச்சு, என் போர்வை வரக் கூடாதா? பிடிங்கய்யா!"

பிடித்தார். இரண்டு பேரும் பெட்டியைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினோம். எண் தெரிகிற இடத்தை மட்டும் விட்டோம். இருபத்தைந்து. இருபத்தைந்திலேயே நின்றது. மீரா மறுபடி ஃபோன். வக்கீல் கத்துகிற சத்தம் பின்னால் கேட்டது. "நிக்குதுடி, கீழ போகல!" என்றேன். அவள் அங்கே ஏதோ குதித்திருப்பாள், ஃபோன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

இருபத்தாறு!

ஐயர் கைதட்டினார். பேங்க் ஆபீசர், குழந்தை மாதிரி! பத்தரை ஆனதும் 'டிக்'. பெரிய பல்பு எழுந்துகொண்டது. "ஆரம்பிச்சுடுத்து" என்று பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

மத்தியானம் அவர் தூங்கவே இல்லை. நான் சாப்பிடக்கூடக் கீழே போகவில்லை. அவர் வீட்டு மோர்சாதத்தைத்தான் சாப்பிட்டேன். உப்பு குறைச்சல். சாயங்காலம் மீரா மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறி வந்தாள். காந்தாவை விலக்கி மூடியைத் திறந்தாள். தூக்கு மூடி ஒன்று மாவின் தலையில் தொப்பி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. பக்கமெல்லாம் வழிந்திருந்தது. அந்தப் புளிப்பு வாசனை! வீடே இட்லிக் கடை மாதிரி ஆகிவிட்டது.

ஹரிஷங்கர் வந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். ஒரு சொட்டு மாவை அதில் விட்டான். நாங்கள் மூன்று பேரும் டம்ளர் மேலே குனிந்தோம். சொட்டு கீழே போகவில்லை. பஞ்சுத் துணுக்கு மாதிரி மேலேயே நின்றது.

"அட!" என்றான். இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் மிதந்தது. "மீராம்மா, என்ன பண்ணீங்க?"

"மணி பார்க்கக் கத்துக்குடுத்தேன்" என்றாள் மீரா.

அவனுக்குப் புரியவில்லை. எல்லாத் தூக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். "நாளையிலேர்ந்து தினமும். முதல் லோடு நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கடையில வேணும். முடியுமா?"

மீரா என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டாள். என் இடுப்பு போயிருக்கும். முக்காலியில் போய் விழுந்தேன். "முடியும்! வக்கீலுக்கு லெட்டர் குடுத்துடறேன்! முடியும்!"

அப்போது ஐயர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு ஞாயிறு. நாலரையிலேர்ந்து ஆறு..."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். நான் முக்காலியிலிருந்து எழுந்தேன்.

மீரா சிரித்தாள். "கவலைப்படாதீங்கோப்பா. நாலே காலுக்கே ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிடறேன். கடை வரைக்கும் நிறுத்தவே மாட்டேன்."

ஐயர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சிக்னல்ல நின்னாக்கூட இன்ஜினை மட்டும் அணைச்சுடாதே, என்ன?"